டேபிளில் 10 டிகிரி, சிலிண்டரில் 15

என் டர்போ காரில் இரண்டாம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுப்பொடி தூவியது போலப் புள்ளிகள். நடுநடுவே சில பளபளத்தன. பளபளத்தது அலுமினியம். பிளக்கில் எங்கே அலுமினியம்? அது பிஸ்டனிலிருந்து வந்தது.

கம்ப்ரஷன் பார்த்தேன். 1, 3, 4 மூன்றும் 160 பிஎஸ்ஐயை ஒட்டி நின்றன. இரண்டாவது 95ஐத் தாண்டவில்லை. அந்தச் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தியபோது ஆயில் மூடி வழியாகப் புஸ்ஸென்று வெளியே வந்தது. வால்வு நன்றாக இருக்கிறது, கேஸ்கெட்டும் நன்றாக இருக்கிறது, கோளாறு ரிங் பக்கம்தான் என்று புரிந்துவிட்டது. ஹெட்டை இறக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்தால், முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வரம்பு ஒரு விரல்கடை நீளத்துக்கு உடைந்து கையோடு வந்தது.

பிஸ்டனை இப்படி உடைப்பது நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும் கோளாறு. வேடிக்கை என்னவென்றால், நான் ஒருநாள்கூட நாக்கிங் சத்தத்தைக் கேட்கவில்லை. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது மாதிரி கேட்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது அமைதியான வண்டியில், குறைந்த வேகத்தில், மேட்டில் ஏறும்போது சரி. பெரிய சைலன்சர் குழாயும், டர்போ இரைச்சலும், கண்ணாடி இறக்கிய ஜன்னலுமாக 5000 ஆர்பிஎம்மில் போகிறபோது காதை நம்பினால் பிஸ்டனுக்குத்தான் நஷ்டம்.

இன்ஜின் விவரம் சொல்லிவிடுகிறேன். நான்கு சிலிண்டர், 86 மி.மீ. போர், 86 மி.மீ. ஸ்ட்ரோக், 1998 சிசி, கம்ப்ரஷன் விகிதம் 8.5. வார்ப்பு அலுமினியப் பிஸ்டன். நான் வாங்கும்போதே கம்பெனி இசியுவை (இன்ஜினை இயக்கும் கணினியை) எடுத்துவிட்டு, நாமே மேப் (எப்போது பொறி, எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் எண் பட்டியல்) எழுதிக்கொள்ளும் இசியு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாகத் திணிக்கும் காற்றழுத்தம், 0.7 பார். அதை 1 பாருக்கு ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை. ஏற்றினேன். 4000 ஆர்பிஎம்மில் முழு பூஸ்டில் மேப்பின் டேபிளில் 10 டிகிரி அட்வான்ஸ் எழுதினேன்; அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் தண்டு இன்னும் 10 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போதே பொறி. 8.5 கம்ப்ரஷனுக்கும் 95 ஆக்டேன் பெட்ரோலுக்கும் அது பயமுறுத்தும் எண் கிடையாது. அதனால்தான் நிம்மதியாக இருந்தேன்.

நாக்கிங் என்பது என்ன என்பதை ஒருமுறை சொல்லிவிட்டால் மற்றது எளிதாக விளங்கும். பிளக் பொறி விட்டதும் பெட்ரோலும் காற்றும் கலந்த வாயு முழுக்க ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. சுடர் பிளக்கிலிருந்து ஓரத்தை நோக்கிப் பரவுகிறது. பரவப் பரவ, இன்னும் எரியாமல் ஓரத்தில் இருக்கும் வாயு நசுங்கிச் சூடேறுகிறது. சுடர் அங்கே போய்ச் சேருவதற்குள் அந்த மிச்ச வாயு தானாகவே பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். அழுத்த அலைகள் சிலிண்டருக்குள் மணி அடித்தது போல அதிர்கின்றன. 86 மி.மீ. போருக்கு அந்த அதிர்வு சுமார் 6.5 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் வரை வரும்.

மிச்ச வாயு எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பவைதான் இதைத் தீர்மானிக்கின்றன. டர்போ முதலிரண்டையும் ஏற்றிவிடுகிறது. பொறியைச் சீக்கிரம் விட்டால், பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் எகிறி மிச்ச வாயுவை இன்னும் நசுக்குகிறது. அதனால்தான் பூஸ்ட் கூடக் கூடப் பொறியைத் தாமதப்படுத்துகிறோம். ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு ஒரு டிகிரி என்று பட்டறைகளில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. மேப் எழுத ஆரம்பிக்கும்போது அது உதவும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி நான் செய்த பாவத்தைச் சொல்கிறேன். பூஸ்டை ஏற்றிய வாரமே லாகில் (இசியுவின் பதிவில்), நாக்கிங் அதிர்வைக் கேட்கும் நாக் சென்சரின் வோல்டேஜ் 3800 முதல் 4500 ஆர்பிஎம் வரை மேலே குதித்தது. இசியு டைமிங்கைக் குறைத்து, பொறியைத் தாமதப்படுத்திக்கொண்டே இருந்தது. வண்டி மந்தமானது. எனக்கோ 10 டிகிரியில் நாக்கிங் வர வாய்ப்பே இல்லை என்ற திடமான நம்பிக்கை. சென்சர் தேவையில்லாமல் அலறுகிறது என்று முடிவு கட்டி, அது எந்த அளவுக்கு மேல் போனால் நாக்கிங் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமோ அந்த வரம்பை உயர்த்தி வைத்தேன். வண்டி பறந்தது. பதினைந்து நாள் கழித்து, வெயிலில், நீண்ட மேடு ஒன்றில் நான்காம் கியரில் முழுக்க அழுத்திக்கொண்டு போனேன். உச்சிக்கு வந்தபோது கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தது.

இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்த இடத்துக்கு எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்தார். பிஸ்டனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் லேப்டாப்பை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பேஸ் டைமிங்கைப் பற்றித்தான் கேட்டார். இசியு நினைக்கும் டிகிரியும் உண்மையில் பொறி விழும் டிகிரியும் ஒன்றாக இருக்கும்படி பொருத்துவது அது; பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லியின் கோட்டில் பிடித்துப் பார்ப்போம்.

"பேஸ் டைமிங் எதை வச்சுப் பார்த்தே தம்பி?"

"லைட் வச்சுதாண்ணே. புல்லியில வெள்ளைப் பெயின்ட் கோடு இருக்குல்ல, அதை 15ன்னு வச்சுப் பொருத்தினேன்."

"அந்தப் பெயின்டை அடிச்சது யாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வண்டி என்னிடம் வரும்போதே அந்தக் கோடு இருந்தது. இந்த இன்ஜினின் புல்லியில் 5 டிகிரி இடைவெளியில் வரிசையாக வெட்டுகள் இருக்கும். எனக்கு முன்னால் யாரோ ஒருவர் 20ஆம் டிகிரி வெட்டில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். நான் அதை 15 என்று நினைத்து, கேமின் முனையில் இருக்கும் ஆங்கிள் சென்சரைத் திருப்பி லைட்டோடு பொருத்திவிட்டேன். அன்றிலிருந்து டேபிளில் நான் எழுதிய ஒவ்வொரு எண்ணோடும் சிலிண்டருக்குள் 5 கூடிக்கொண்டிருந்தது. நான் 10 என்று நினைத்த இடத்தில் உண்மையில் 15. சென்சர் சொன்னது முழுக்க உண்மை. அதன் வாயை அடைத்தவன் நான்.

5 டிகிரி பெரிய விஷயமா என்று கேட்கலாம். 4000 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி என்பது சுமார் 42 மைக்ரோ விநாடி. ஐந்தும் சேர்ந்தால் ஒரு விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு முன்னால் பொறி விழுந்ததற்குத்தான் நான் ஒரு பிஸ்டனும், இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளும் கொடுத்தேன்.

பிஸ்டன் மாற்றி இன்ஜினைச் சேர்த்த பிறகு, பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே டிடிசியைக் கண்டுபிடித்தோம். டிடிசி என்றால் பிஸ்டன் உச்சத்தில் நிற்கும் இடம். பாட்டரியைக் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகி வைத்து, எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஸ்பேனரால் கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி, மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடு டிடிசி. ஸ்டார்டரை மட்டும் தொடக்கூடாது. தொட்டால் அடுத்த பிஸ்டனுக்கும் வேலை வந்துவிடும். பழைய இன்ஜினில் இன்னொரு சந்தேகமும் வேண்டும்: புல்லியின் வெளிவளையமும் உள்மையமும் ரப்பரால் ஒட்டப்பட்டவை. ரப்பர் தளர்ந்தால் வெளிவளையம் நழுவிவிடும், கோடுகளும் கூடவே நகர்ந்துவிடும். என்னுடையது நழுவவில்லை, பெயின்ட் மட்டும்தான் பொய்.

லைட் பிடிப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. இசியுவில் டைமிங்கை 15இல் பூட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஐடிலில் அது ஓடிக்கொண்டே இருக்கும். பிளக் மேலேயே காயில் (பொறிக்கு மின்சாரம் தரும் கம்பிச் சுருள்) உட்காரும் இன்ஜினில் கிளிப் மாட்ட ஒயர் இருக்காது. காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே ஒரு நீள ஒயரை இணைத்து அதில் மாட்டுவேன். முகத்தைச் சாய்த்துப் பார்த்தால் முள்ளும் கோடும் ஒன்றோடொன்று விலகித் தெரியும், அதிலேயே 2 டிகிரி தப்பும். இரண்டு சிலிண்டருக்கு ஒரே காயில் பொறி விடும் வகை என்றால், டயல் வைத்த லைட் உண்மையைப் போல இரண்டு மடங்கு காட்டலாம்; அங்கே டயலைப் பூஜ்யத்தில் வைத்து நேராகக் கோட்டைப் படிப்பதே நல்லது. ஐடிலில் பொருத்திய பிறகு 4000 வரை ஏற்றியும் பாருங்கள். பூட்டிய டைமிங் அங்கே நகர்ந்தால், சென்சர் சிக்னல் வந்து சேரும் தாமதத்தை இசியுவில் திருத்தாமல் மேப்பைத் தொடுவதில் பயனில்லை.

அடுத்த தப்பு பயத்தில் வந்தது. புது பிஸ்டன் ஆயிற்றே என்று முழு பூஸ்டில் எல்லா இடத்திலும் 3 டிகிரி என்று எழுதிவிட்டேன். நாக்கிங் இல்லை. ஆனால் சைலன்சர் பக்க வெப்பமானி 900 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. இருட்டில் போனட்டைத் திறந்தால் மேனிஃபோல்ட் செக்கச்செவேல். பொறி தாமதமானால் எரிதலும் தாமதம். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு அப்படியே எக்ஸாஸ்ட் வழியாக டர்பைனுக்குப் போகிறது. அந்தச் சூடு போனட்டுக்குள் தேங்கி உள்ளே இழுக்கும் காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று மறுபடி நாக்கிங்குக்கு அழைப்பு. டைமிங்கைக் குறைப்பது மட்டுமே மருந்து என்று நினைத்தால் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும்.

கார் கம்பெனிகள் இந்த வழக்கை எப்படித் தீர்த்தன என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் 10.25 கம்ப்ரஷனோடு டர்போவையும் வைத்தது. நாக்கிங் வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் ஊட்டினார்கள். திரவம் தீர்ந்தால் பூஸ்ட் குறைந்துவிடும். பலரும் அதை நிரப்பவே மறந்துபோனார்கள், வண்டிக்கு மந்தம் என்று பெயர் வந்தது. 1978இல் பியூக்கின் டர்போ வி6 நாக் சென்சரைக் கேட்டுப் பொறியைத் தாமதப்படுத்தியது. எண்பதுகளின் தொடக்கத்தில் சாப் கொண்டுவந்த ஏபிசி (APC) முறையோ நாக்கிங் கேட்டால் பூஸ்டையே இறக்கியது. மூன்று பேர், மூன்று திருகு. நான் மட்டும் ஒரே திருகைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

பேஸ் டைமிங் உறுதியான பிறகு டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் கருவியில்) இரண்டு மணி நேரம் எடுத்தோம். முதலில் பெட்ரோல் கலவை: முழு பூஸ்டில் லாம்டா 0.80, அதாவது காற்று சுமாராக 11.8க்கு ஒரு பங்கு பெட்ரோல். கலவை சரியாகாமல் டைமிங்கைத் தொடுவதில்லை என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். பிளக்கை ஒரு படி குளிர்ச்சியானதாக மாற்றி, இடைவெளியை 0.8 மி.மீ.க்குக் குறைத்தோம். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி. இதில் குழம்பி எதிர்த்திசையில் வாங்கி மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு 4000 ஆர்பிஎம், 200 கிலோபாஸ்கல் (வெளிக்காற்றின் அழுத்தத்தோடு 1 பார் பூஸ்டும் சேர்ந்தது), காற்று 40 டிகிரிக்குக் கீழே. 5இல் ஆரம்பித்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினோம். 5இலிருந்து 7 வரை டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை) நன்றாக ஏறியது. 7இலிருந்து 9 வரை அதில் பாதிதான். 10இல் ஏற்றம் கண்ணுக்கே தெரியவில்லை. 11இல் ஹெட்ஃபோனில் "டிக்" என்று இரண்டு முறை. உடனே காலை எடுத்தோம். டேபிளில் எழுதியது 9.

இதில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. 9க்கும் 11க்கும் நடுவே கிடைக்கும் சக்தி, சாலையில் யாருக்கும் தெரியாத அளவு. அந்த இரண்டு டிகிரி நல்ல பெட்ரோலும் குளிர்ந்த காற்றும் இருந்தால் தாங்கும், வெயில் நாளில் தாங்காது. ரேவ் (ஆர்பிஎம்) ஏற ஏற மிச்ச வாயு காத்திருக்கும் நேரம் குறைவதால் அட்வான்ஸைக் கூட்டலாம். 6500இல் எங்களுக்கு 16 வரை நின்றது. டார்க் உச்சத்தில் இருக்கும் ரேவில்தான் சிலிண்டர் நன்றாக நிறைகிறது, நாக்கிங்கும் அங்கேதான் முதலில் எட்டிப் பார்க்கும். என் லாகில் 3800 முதல் 4500 வரை குதித்ததற்கு அதுதான் காரணம். இவை என் இன்ஜினின் எண்கள். கம்ப்ரஷன், ஹெட்டின் வடிவம், பெட்ரோல் எதுவுமே உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. இன்னொருவர் மேப்பை அப்படியே ஏற்றுவது அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது மாதிரி.

ஆக்டேன் எண்ணிலும் ஏமாறலாம். ரான், மான் என்பவை அதை அளக்கும் இரண்டு முறைகள். ரான் முறையில் 95 என்று வருவது, ரானையும் மானையும் சராசரி எடுத்து பம்பில் எழுதும் நாடுகளில் ஏறக்குறைய 91 என்று வரும். வேறு நாட்டுக்காரரின் மேப்பைப் பார்க்கும்போது அவர் எந்தக் கணக்கில் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஹெட்ஃபோன் என்றேன் அல்லவா, அது கடைப் பொருள் இல்லை. ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி, துளையிட்டு, பிளாக்கில் போல்ட்டால் இறுக்கி, மறுமுனையில் ரப்பர் குழாயும் மைக்கும் இணைத்தது. இரண்டு நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தால் இன்ஜெக்டரின் டிக்டிக்கும், வால்வின் சலசலப்பும், நாக்கிங்கின் கூர்மையான தட்டலும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. பழக்கம்தான்.

கம்பெனி நாக் சென்சரையும் ஒழுங்குபடுத்தினேன். வட்டமாக, நடுவே துளையோடு இருக்கும் வகை அது. அடியில் பெயின்ட், துரு, வாஷர் எதுவும் இருக்கக்கூடாது. சுத்தமான உலோகத்தில் சமமாக உட்கார வேண்டும். இறுக்கம் 20 நியூட்டன் மீட்டர். நான் பார்த்தபோது யாரோ வாஷர் போட்டிருந்தார்கள். இசியுவில் 6.7 கிலோஹெர்ட்ஸைக் கேட்கும்படி வைத்தேன். அந்த அலைவரிசையில் இன்ஜின் இரைச்சல் அதிகமிருந்தால் அடுத்த அதிர்வான 11 கிலோஹெர்ட்ஸில் கேட்டுப் பார்க்கலாம். டிடிசிக்குப் பிறகு எரிதல் நடக்கும் சில டிகிரிகளில் மட்டும் கேட்கும்படி ஜன்னலைச் சுருக்கினால் வால்வு மூடும் சத்தங்கள் பாதி விழுந்துவிடும்.

காற்றுச் சூட்டுக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். டைனோவில் முதல் ஓட்டத்தில் காற்று 35 டிகிரி. நிறுத்தாமல் மூன்றாவது ஓட்டம் போனபோது 60ஐத் தொட்டது. அதே பூஸ்ட், அதே டேபிள். முதலில் சுத்தமாக இருந்த லாகில் மூன்றாவதில் புள்ளிகள். என் பிஸ்டன் அந்த மேட்டில் உடைந்ததற்கும் இந்தச் சூடு பாதிக் காரணம். இப்போது 50 டிகிரிக்கு ஒன்று, 60க்கு மூன்று, 70க்கு ஐந்து என்று டைமிங் தானாகக் குறைகிறது. 65க்கு மேல் பூஸ்டும் இறங்குகிறது. காற்றின் சூட்டை அளக்கும் சென்சர் முன்பு உலோக மேனிஃபோல்டில் திருகியிருந்தது. வண்டியை நிறுத்தி எடுத்தால் காற்றை விட்டுவிட்டு மேனிஃபோல்டின் சூட்டையே சொல்லும். இன்டர்கூலருக்கு அடுத்த குழாயில், வெளியே முனை தெரியும் வகைக்கு மாற்றிய பிறகுதான் எண்களில் அர்த்தம் வந்தது. ஆயில் ஆவி உள்ளே போவதைத் தடுக்க ஒரு பிடிப்பு டப்பாவும் வைத்தேன். ஆயில் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கியது போலத்தான்.

புது வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சிறிய டர்போ இன்ஜின்களில், குறைந்த ரேவில் திடீரென்று முழுக்க அழுத்தும்போது பொறிக்கு முன்பே பற்றிக்கொள்ளும் தொல்லை ஒன்று உண்டு. அதற்கு டைமிங் குறைப்பு மருந்தாகாது. பொறியே இன்னும் விழவில்லையே! அங்கே ஆயில் முக்கியம். 2018இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ் தரம் குறிப்பாக அதற்காகத்தான். உயர்ந்த கியரில் 1500 ஆர்பிஎம்மில் மிதிக்காமல் கியரைக் குறைப்பதும் உதவும்.

இன்ஜின் சேர்த்து இப்போது இரண்டாவது வெயில் காலம். சென்ற மாதம் லாகில் 3400 ஆர்பிஎம்மில், கியர் மாற்றும் நேரத்தில் மட்டும், நான்காம் சிலிண்டரில் ஒரு குதிப்பு வந்தது. கை பழைய பழக்கத்தில் அந்த வரம்பு எண்ணுக்குத்தான் முதலில் போனது. நிறுத்திக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினேன். கிளட்ச் விடும்போதெல்லாம் தகரத்தின் கிலுக்கு. முழு பூஸ்டில் ஒன்றுமே இல்லை. டர்போவின் வெப்பத் தடுப்புத் தகட்டில் ஒரு போல்ட் கழன்று விழுந்திருந்தது. புது போல்ட் போட்டு இறுக்கினேன், குதிப்பு போய்விட்டது. டேபிளைத் தொடவில்லை.